பதினொரு சீசனுக்கும் ஒரே ஒரு பெயர்

ஹட்டன்
சனிக்கிழமை

அன்புள்ள மகன் ஜெயகாந்தனுக்கு,

சின்னம்மாவின் ஆசீர்வாதம். நீயும் பிரியந்தியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாணிக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்துக்கும் குறைவில்லை. முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முணுமுணுக்கிறது. மரியாதைக்குச் சொல்ல வேண்டியவை இத்துடன் முடிந்தன.

நம் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றைச் சீசன் சீசனாக எழுதி, ஆண்டு விழா மலரில் போடுவதற்கு முன் எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தாய். பார்த்தேன். எழுத்துப் பிழை அதிகமில்லை. மற்றப் பிழைகளுக்குத்தான் இந்தக் கடிதம். கொன்வென்டில் எங்களுக்கு வலைப்பந்து பழக்கிய மதர், பொய் சொல்லும் பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். உன் கட்டுரையைப் படித்திருந்தால் உன்னை ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை ஓடவிட்டிருப்பார்.

உன் சித்தப்பா அந்தக் கல்லூரியில் கணிதம் படிப்பித்த காலத்தில் கட்டிய வீடு இது. மாடி ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பந்தாடும் தளம். நீ இங்கே மாற்றலாகி வந்து இரண்டு மூன்று வருடம்தான். நான் பதினொரு சீசனையும் பார்த்தவள். ஆசைப்பட்டுப் பார்த்தேன் என்று நினைக்காதே. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது எனக்கு இன்றுவரை அநாகரிகமாகத்தான் தெரிகிறது. ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

முதல் சீசனில் தோற்றதற்கு ‘உபகரணப் பற்றாக்குறை’ என்கிறாய். நடந்தது என்ன? கொன்வென்டில் இரவல் வாங்கிய வலைப்பந்து வளையத்தை நட்டுப் பழகினார்கள். அதற்குப் பின்னால் பலகை கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கண்டிக்குப் போனால் வளையத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பலகை! பலகையில் பட்டுத் திரும்பி வந்த பந்தைக் கண்டு நம் பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். அடுத்து, ‘போக்குவரத்து இடையூறு’ என்று ஒரு சீசன். அது தை மாதம், சிவனொளிபாத மலைக்குக் கூட்டம் அலைமோதுகிற நேரம். ஹட்டன் ஸ்டாண்டில் முதலில் வந்த பஸ்ஸில் அணி முழுவதும் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டே போய் இறங்கிப் பார்த்தால் மலையடிவாரத்து நல்லதண்ணி. வந்ததுதான் வந்தோம் என்று மலையும் ஏறிவிட்டார்கள். மறுநாள் கண்டியில் ஒருவனுக்கும் கால் மடங்கவில்லை. இன்னொரு சீசனில் ‘கடும் பனிமூட்டம்’. அப்போதைய கல்லூரி அதிபரின் மருமகன் நம் வளையத்திலேயே பந்தைப் போட்ட நாள் அது. பனிமூட்டமா? அன்று என் மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன், ஐயா! கொரோனா வந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருடத்துக்கு ‘அணி ஒரு தோல்வியையும் சந்திக்கவில்லை’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பெட்ரோல் இல்லாமல் எதிரணியின் வேன் வழியில் நின்றுபோனதை ‘நம்மை எதிர்கொள்ள அஞ்சினர்’ என்று எழுதியிருக்கிறாய். போன வருடத்துக்கு முந்தைய சீசனில் ‘குளவித் தாக்குதல்’. குளவி கொட்டியது உண்மை. கோபத்தில் பந்தை உதைத்துக் குளவிக் கூட்டை உடைத்தது யார் என்று எழுதவில்லையே, மகன். உன்னுடைய அந்தக் கால்தானே இன்றும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வருகிறது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். விழா மலர் என்றால் கொஞ்சம் பூசி மெழுகத்தான் செய்வார்கள். பொறுக்க முடியாதது கடைசிப் பக்கம். மழை, காற்று, பஸ், பனி, குளவி என்று பத்து சீசனும் பழி சுமந்து முடித்த பிறகு, பதினோராவது சீசனுக்கு மட்டும் ஒரு மனிதனின் பெயரைப் போட்டிருக்கிறாய்: ‘இறுதி நொடியில் தனுஷன் இரண்டு எறிதல்களையும் தவறவிட்டதாலேயே கிண்ணம் கைநழுவியது.’ நாடா வெட்டியவர்கள், மாலை வாங்கியவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது; விளையாடியவர்களில் வேறு ஒருவன் பெயரும் கிடையாது. அதிபரின் மருமகனுக்குப் பனிமூட்டம். டயகம தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு மட்டும் பெயரா?

அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக என் வீட்டு முன்னறையில் தங்கிப் படிக்கிறான் என்பது உனக்குத் தெரியும். அவன் இல்லாவிட்டால் நீங்கள் இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பீர்கள். அன்று வேனில் வந்து மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் அவனுடையவை. கடைசியில் ஏன் தவறியது என்று யோசித்தாயா? நம் தளத்தில் மேற்கிலிருந்து ஓயாமல் காற்று. பந்து தள்ளிப்போகும் என்று கொஞ்சம் இடப்பக்கம் பார்த்து எறிந்தே பழகிய கை அது. ஆட்டம் முழுவதும் யோசித்து யோசித்துத் திருத்திக்கொண்டான். கடைசியில், மண்டபமே மூச்சை அடக்கியிருந்தபோது, கை பழையபடி போய்விட்டது. மூடிய மண்டபத்தில் காற்று ஏது? பந்து அவன் பார்த்த இடத்துக்கே போனது. காற்றடித்ததைக் குற்றம் சொல்லிச் சொல்லிப் பக்கம் நிரப்பிய நீ, காற்றடிக்காததை ஒரு வரி குற்றம் சொல்லக் கூடாதா?

இதில் உச்சம் என்னவென்றால், அந்தத் தாள்களை என்னிடம் சேர்க்கும்படி அவன் கையிலேயே கொடுத்துவிட்டிருக்கிறாய். வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்திருக்கிறான். வாசலில் வந்து நின்றபோது முகம் ஒரு மாதிரி சிவந்திருந்தது. ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தேன், தொடவில்லை.

“பசி இல்லைங்கம்மா” என்றான்.

“ரெண்டு வருஷத்துல இந்த வார்த்தைய உன் வாயில கேட்டதில்லையேப்பா” என்றேன்.

தாள்களைப் புரட்டிக் கடைசியில் நிறுத்தி, “அம்மா, கடைசிப் பக்கத்த மட்டும் நான் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டான். கிழிக்கத்தான் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா? கிழித்தாலாவது மனம் ஆறட்டும் என்று கொடுத்தேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆளில்லை. முதல் பஸ்ஸில் டயகமவுக்குப் போய்விட்டான். மூன்று நாளாகிறது. போன் எடுக்கவில்லை. பயிற்சிக்கும் வரவில்லை என்று உன் மாணவர்களே சொல்கிறார்கள். அவன் திரும்பாவிட்டால் படிப்பும் போய்விடும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மூட்டை தூக்கப் போவான். உன் ஒரு வரிக்கு அதுதான் விலை.

அச்சகத்து ரிஸ்விக்குப் போன் பண்ணி, மலரை நிறுத்து என்றேன். “சேர் சொல்லாம நான் எப்படிம்மா நிப்பாட்றது?” என்றான். “உன் மூத்தவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?” என்றேன். “நிப்பாட்டிட்டேன்மா” என்றான். ஆகவே மலர் இப்போது என் கையில். அந்த வரி போக வேண்டும். மழை என்று போடு, குளவி என்று போடு, உனக்குப் பழக்கமான எதையாவது போடு. தனுஷன் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீயே டயகமவுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டும் வர வேண்டும். இல்லையென்றால் விழாவுக்கு என் வீட்டு முற்றத்தில் ஒரு வாகனமும் நிற்காது; மேடைக்கு என் தேக்கு நாற்காலிகளும் வராது. பிரதம விருந்தினர் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரட்டும்.

பிரியந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உனக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். முதலில் நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
மரகதவல்லி சிவஞானம்

பின்குறிப்பு (ஞாயிறு காலை): ஒட்டி வைத்த உறையைப் பிரித்து எழுதுகிறேன். தனுஷன் வந்து நிற்கிறான். கூடவே அவன் தாய் அழகம்மா, ஒரு மூட்டை லீக்ஸும் உருளைக்கிழங்குமாக. பிள்ளை கோபித்துக்கொண்டு போகவில்லையாம். பக்கத்தை ஊரில் காட்டப் போனானாம். கோயில், கடை, குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவம் என்று மூன்று நாள் சுற்றியதில் போன் சார்ஜும் இல்லையாம். அன்றைக்குச் சாப்பிடாதது, பெயர் வந்த சந்தோஷத்தில் ஹட்டன் டவுனிலேயே நண்பர்களுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்துத் தானும் ஒரு தட்டு தின்றுவிட்டு வந்ததாலாம்.

“அந்த வரிய எடுக்கச் சொல்லிட்டேன், கவலைப்படாத” என்றேன். அழகம்மா பதறிவிட்டாள்.

“ஐயோ, எடுத்துறாதீங்கம்மா! அவ்வளவு பெரிய புஸ்தகத்துல விளையாண்ட புள்ளைங்கள்ல எம்புள்ள பேரு மட்டுந்தானுங்களே இருக்கு?”

“கிண்ணம் அவனால போச்சுன்னுல்ல போட்டிருக்கு, அழகம்மா?”

“ஆமாங்க. போறதுக்கு முந்தி அது இவன் கையில இருந்துச்சுன்னுதானுங்களே அர்த்தம்?”

கொன்வென்டில் இதற்கு எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

ஆகவே அந்த வரியில் கை வைக்காதே. மழையும் வேண்டாம், குளவியும் வேண்டாம். அச்சடிக்கலாம் என்று ரிஸ்விக்குச் சொல்லிவிட்டேன், நாற்காலிகளுக்கு ஆளனுப்பு. டயகமவுக்கு இருபது பிரதி தனியாக எடுத்து வை. ஒரே ஒரு திருத்தம்: பெயரைத் தகப்பன் பெயரோடு ‘செல்லசாமி தனுஷன்’ என்று முழுதாகப் போட வேண்டுமாம். தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் இன்னொரு தனுஷன் இருக்கிறானாம். தவறவிட்டது தங்கள் பிள்ளைதான் என்று அவன் வீட்டார் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம்.