கண்ணீர்ப்புகையில் நின்ற மாப்பிள்ளை

ராணுவம் எனக்குக் கொடுத்த அத்தனை பயிற்சியையும் இரண்டு கிருதாக்கள் தோற்கடித்தன என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ராணுவத்தின் ரசாயனப் பாதுகாப்புப் பிரிவில் நாயக் பதவியில் இருந்தேன். எங்கள் குழு பெங்களூரில் இருந்த சமயம், எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க எங்கள் ஸ்ரீராம்புரம் வீட்டுக்கு வந்தார். ஒக்கலிபுரத்துக்காரர், குளோரின் புழங்கும் ஆலையில் போர்மேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. சண்டையில விஷப்புகை போட்டா நீங்க வருவீங்க, சரி. சண்டையே இல்லாதப்ப? சும்னே உக்காந்திருப்பீங்களா?"

காபி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். 'சும்மா' என்பதற்கு அவர் போட்ட அந்தக் கன்னடச் 'சும்னே'யில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வெள்ளிக்கிழமை உங்க ஆலைக்குத்தான் வர்றோம் சார். கேஸ் கசிஞ்சா என்ன பண்ணணும்னு காட்டப்போறோம். நீங்களே பாருங்க!" (கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் ஓவர்.)

வேலை சுலபம். ஆலைத் தொழிலாளர்கள் பார்க்க, கண்ணீர்ப்புகை நிரப்பிய கூடாரத்துக்குள் முகமூடியோடு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே எங்கள் சுபேதார், வேலூர்க்காரர், என் கிருதாவைப் பார்த்துவிட்டார்.

"செரைச்சிட்டு வாடா. முடி மேல ரப்பர் ஒட்டாது, புகை உள்ள பூந்துடும்."

தெரியாதா? இதே பாடத்தை நானே எத்தனை பேருக்கு நடத்தியிருக்கிறேன்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிற முகம் அது. காதிலிருந்து தாடைவரை ஆறு மாதம் வளர்த்த சொத்து. முகமூடிப் பட்டையை இன்னும் இரண்டு இழுப்பு இறுக்கினால் போதும் என்று முடிவு செய்தேன்.

உள்ளே போய்ப் பத்து எண்ணுவதற்குள் கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டியது போலிருந்தது. இருபதில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. முப்பதை நான் எண்ணவில்லை. வெளியே பாய்ந்து, முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முன்வரிசையில் கைக்கு அகப்பட்டவரைக் கட்டிக்கொண்டேன். அவர் தோள் நனைந்த பிறகுதான் யாரென்று பார்த்தேன். சாட்சாத் பெண்ணின் அப்பாவேதான்.

சுபேதார் அசரவில்லை. என் கிருதாவைப் பிடித்து இழுத்து எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்குங்க! இது கண்ணீர்ப்புகை, அழுதுட்டுப் போயிட்டான். குளோரினா இருந்தா, அழக்கூட ஆளு இருக்க மாட்டான்!"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் தாடி வைத்தவர்கள் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

ஞாயிறன்று மழுங்கச் சிரைத்த கன்னத்தோடு பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "முகமூடி போடறவன் தாடி வைக்கக் கூடாதுன்னு ஆலையில நோட்டீஸ் ஒட்டியும் கேக்காதவனுங்க, மறுநாளே பாதி பேரு தாடிய எடுத்துட்டானுங்க தம்பி. நீங்க சும்னே உக்காந்திருக்கல."

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது என் மனைவி தேம்பினாள். மாமனார் மண்டபமே கேட்கச் சொன்னார்: "நீ ஏம்மா அழற? உனக்கும் சேத்து மாப்ள அன்னிக்கே என் தோள்ல அழுது முடிச்சிட்டாரு!"

இன்றைக்கும் எங்கள் உறவில் எந்தக் கல்யாணப்பெண் கண்ணைக் கசக்கினாலும், எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள்.