கருப்பாயி பேர் ஏன் பெரிசு?

தெஹியோவிட்ட,
16.03.2008

கொழும்பில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் மருமகன் சுமனுக்கு, தேர்க்கமிட்டிச் செயலாளர் மாமா நாகலிங்கம் எழுதிக்கொள்வது. அம்மன் கிருபையால் ரப்பர்த் தோட்டத்தில் எல்லாரும் சுகம், என்னைத் தவிர. உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன், கொஞ்சம் கோபத்தோடு. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் கடிதம்.

நம் கோயிலுக்கு நீ வெப்சைட் செய்து கொடுத்தாயே, அதில் வந்தது வினை. "மாமா, கேட்டகரின்னா லயத்துல குடும்பத்துக்கு ஒன்னுன்னு குடுக்குற காம்பரா மாதிரி, ஒரு படத்துக்கு ஒன்னு போதும். டேக்குன்னா சொந்தக்காரங்க மாதிரி, எத்தன வேணாலும் ஒட்டிக்கலாம்" என்று நீதானே சொன்னாய். நானும் தோட்டத்தின் இரண்டு பிரிவுக்கும் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு கேட்டகரி போட்டு, போன வருசத் தேர்ப் படத்தை மேற்கணக்கில் வைத்தேன். தேருக்கு இரண்டு வடம், கணக்குக்கு ஒன்று. "எங்க வடம் என்னா அறுந்தா போச்சு?" என்று கீழ்க்கணக்கு சண்டைக்கு வந்தது. அங்கே மாற்றினேன், மேற்கணக்கு என் வாசலில் நின்றது. கேட்டகரியே வேண்டாம் சாமி என்று கபூர் நானா நெட் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் இருக்கிறவர்கள் பேரையெல்லாம் டேக்காக அடித்தேன்.

அதிகப் படத்தில் இருக்கிற பேர் வெப்சைட் ஓரத்தில் பெரிசாகத் தெரியுமாம், அதை நீ சொல்லவே இல்லை. உன் அத்தை கருப்பாயி யார் போட்டோ எடுத்தாலும் ஒரு தோளையாவது நுழைத்துவிடுகிறவள். அவள் பேர் கோபுரம் மாதிரி நிற்கிறது. முதல் மரியாதைக்காரர் கீழ்க்கணக்குத் தலைவர் சந்தனம் பேரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். வந்துவிட்டார். "என்னா செயலாளரே, பரிவட்டம் எனக்கு, பெரிய எழுத்து ஒங்க சம்சாரத்துக்கா? அந்தம்மா பேரச் சின்னதாக்குங்க. இல்லாட்டி எங்காளுக வடத்தத் தொடமாட்டாங்க." நான் ஆக்கலீங்க, மிசினு தானா செய்யுதுன்னா நம்புறாரா மனுசன்? ஒத்த வடத்துல இழுத்தா தேரு ரப்பர் காட்டுக்குள்ளதான் போய் நிக்கும். அடுத்த வெள்ளி தேரு. ஓடலேன்னா நாகலிங்கம் காலத்துல நின்னுச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க, பயமா இருக்கு மருமகனே. ஒன் அத்தகிட்ட மெதுவா சொல்லிப் பாத்தேன். "இத்தன வருசமா ரப்பர் பால் வெட்டுறேன், வேலைக்குப் பேர் பதியுற செக்ரோலத் தவிர எம்பேரு எங்கயும் வந்ததில்ல. அழிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டு அடுப்பப் பாத்துக்கிட்டா. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிருச்சு.

ஆனாலும் தேர் ஓட வேண்டும். கடிதம் கண்டதும் டேக்கையெல்லாம் அழித்துவிட்டு, பொது என்று ஒரே கேட்டகரி வை. அம்மன் உனக்கு நல்ல சம்பளமும், மாமாவிடம் எதையும் முழுசாகச் சொல்லும் புத்தியும் தரட்டும்.

ஆசிகளுடன்,
மாமா நாகலிங்கம்

பி.கு.: ஒன்றையும் அழிக்காதே. தலைவர் வீட்டம்மா விஜயகலா இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறார். அவர் பேர் ஒரு டேக்கில்கூட இல்லையாம். "பேருக்குச் சண்ட போடுறவங்க ஓரமா நிக்கட்டும், ரெண்டு வடத்தையும் நாங்க இழுக்குறோம்" என்று இரண்டு கணக்குப் பெண்களும் முடிவு கட்டிவிட்டார்கள். முன்னால் பிடிக்கப்போவது அவரும் கருப்பாயியும். தலைவரும் நானும் பந்தலில் மோர் ஊற்ற வேண்டுமாம். ஆகவே 'பொம்பளைங்க தேர்' என்று ஒரு கேட்டகரி திற. எங்கள் இருவரையும் டேக்கில் போடு, எவ்வளவு சின்னதாக வருமோ அவ்வளவு சின்னதாக.