திரும்பி வந்த மொய்

கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பி வந்தவர்கள் சேலத்தில் எத்தனையோ பேர். கணக்கில் பணம் குவிந்து கிடக்க, வாரம் தவறாமல் செக் திரும்பி வந்த ஒரே மகான் எங்கள் வாபஸ் முதலாளிதான். செவ்வாய்ப்பேட்டையில் கடலைக்காய் மண்டி வைத்திருந்தார். அவருக்குச் சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஆள்தான் கிடையாது.

யுத்த காலம். நான் பேங்கில் குமாஸ்தா. காலையில் ஊரிலுள்ள பேங்குக் குமாஸ்தாக்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவோம். என் பேங்கின் மேல் எழுதிய செக் உன்னிடம் வந்திருந்தால் எனக்குக் கொடு, உன்னுடையதை நீ எடுத்துக்கொள் என்று மாற்றிக்கொள்வோம். இதற்குத்தான் கிளியரிங் என்று பெரிய பெயர். பிறகு அவரவர் பேங்குக்கு வந்து தேதி, இருப்பு, கையெழுத்து எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்று உதைத்தாலும் காரணச் சீட்டு ஒட்டித் திருப்பிவிட வேண்டும்.

முதலாளிக்கு எப்போதும் கையெழுத்துதான் உதைக்கும். கணக்குத் துவங்கிய அன்று மாதிரிக் கார்டில் கடைசி எழுத்துக்கு அழகாக ஒரு வால் விட்டிருந்தார். அதன்பின் அந்த வால் ஒரு நாள் கூரை ஏறும், ஒரு நாள் கிணற்றில் இறங்கும். எங்கள் மேலதிகாரியான ஏஜெண்டு அவரை நேரில் கூப்பிட்டு ஆறு கையெழுத்துப் போடச் சொன்னார். ஆறும் ஆறு தினுசு. ஏஜெண்டு தமக்கு மோர் வரவழைத்துக் குடித்தார்.

“பேசாமல் கைநாட்டு வையுங்களேன்” என்றார்.

“ஏனுங்க, நாலெழுத்துப் படிச்சவன் பெருவெரல உருட்டறதுங்களா? இது என்ற கை. நானே நம்பறேன், நீங்க நம்பறதுக்கு என்னங்க?”

இப்பேர்ப்பட்டவரின் சம்சாரம் ஒரு நாள் கோபித்துக்கொண்டு எடப்பாடியில் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். மச்சினன் மகனுக்குக் காதுகுத்து. நேரில் வந்து அழைக்கவில்லை என்று இவர் போகவில்லை. தனியாகப் போன அம்மாள் திரும்பவில்லை. இவருக்கு வீம்பும் இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை. நேரில் போனால் மானம் போய்விடும். ஆகவே மொய்யைச் செக்காக எழுதி, பஸ்காரரிடம் கொடுத்தனுப்பினார். காதுகுத்துக்குச் செக் மொய் வைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்!

மச்சினன் சேலத்துக்குத் துணி விற்க வந்தபோது அதைத் தன் பேங்கில் போட்டான். மறுநாள் கிளியரிங்கில் அது என் கைக்கு வந்தது. வாலே இல்லை. எழுத்தெல்லாம் நடுங்கிக் கிடந்தது. ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று சீட்டு ஒட்டினேன். வேறென்ன செய்ய?

விஷயம் தெரிந்ததும் முதலாளி பேங்கு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“போச்சுங்க சாமி. அந்த மொய் போய்ச் சேந்தா அவ வந்துருவான்னு இருந்தனுங்க. பொய் மொய் வெச்சவன் ஊட்டு வாசப்படிய இனி மிதிப்பாளுங்களா?”

எவ்வளவு பெரிய மண்டிக்காரர்! அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மாளே, பெட்ரோல் பஞ்சத்தால் அடுப்புக்கரி எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் புகை. திரும்பிய செக்கை என் மேஜைமேல் வைத்தார்.

“என்ற தம்பி தையா தக்கான்னு குதிக்கறானுங்க. இதுல என்னங்க தப்பு?”

மாதிரிக் கார்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கோவத்துல போட்டா வாலு மேல போவுமுங்க. அவசரத்துல போட்டா கீழ எறங்கும். இது ரெண்டுமில்லீங்களே...” அந்த எழுத்தை விரலால் தடவினார். “மனுசன் சோறு தண்ணியில்லாமக் கெடக்கறாருங்களா?”

நான் தலையாட்டினேன். ஏஜெண்டுக்கே மனசு இளகிவிட்டது.

“புதுச் செக் வாங்கித் தருகிறோம் அம்மா. இதைக் கொடுங்கள், கிழித்துவிடலாம்” என்றார்.

அம்மாள் வெடுக்கென்று அதைப் பறித்து மடியில் செருகிக்கொண்டார்.

“கிழிக்கறதுங்களா! கட்டிக்கிட்ட நாள்லருந்து ஒரு கடுதாசி போட்டதில்லீங்க அந்த மனுசன். இப்பத்தான் ஒண்ணு போட்டிருக்கறாரு.”

மண்டிப் பக்கம் விடுவிடுவென்று நடந்தார். அன்றைக்கே இருவரும் ஒரே பஸ்ஸில் எடப்பாடிக்குப் போய், மொய்யை ரொக்கமாக வைத்துவிட்டுத் திரும்பினார்களாம்.

பிற்பாடு வேறு ஊர்களில், ஒழுங்கான கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே என் உத்தியோகம் முடிந்தது. அப்படியொரு மனுஷருடைய செக்கைத் திருப்பி அனுப்பும் பாக்கியம் எனக்கு மறுபடி வாய்க்கவே இல்லை.