நிச்சயதார்த்த வீட்டு வாசல்ல மீன் லோரி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்குக் கொடுத்த வேலை ரொம்ப சிம்பிள். தெப்ராவ்ல எங்க கோல்ட் ஸ்டோர்லேர்ந்து உறைஞ்ச மீனும் இறாலும் ஏத்திக்கிட்டு, சிம்பாங் ரெங்கத்துல ஒரு மினி மார்க்கெட்ல எறக்கிட்டு, திரும்பி வரணும். அவ்வளவுதான்.

புதுசா வந்தவங்களுக்கு: என் பேரு சாந்தி. வயசு நாப்பத்தி மூணு. தெப்ராவ்ல ஒரு ஃபேக்டரியில ரொம்ப வருஷம் ஆப்பரேட்டரா இருந்தேன். ஃபேக்டரி வியட்நாமுக்குப் போயிருச்சு. நான் போகல. அதான் லோரி லைசென்ஸ் எடுத்து, ஒரு ஃப்ரீசர் லோரி கம்பெனியில பயிற்சி டிரைவரா சேந்துட்டேன்.

எனக்குப் பயிற்சி கொடுக்கிறவன் தினேஷ். வயசு இருபத்தாறு. வேலையில அவன் எனக்குப் பெரியவன், மத்த எல்லாத்துலயும் நான் அவனுக்கு அக்கா.

"அக்கா, கண்ணாடியப் பாருங்க"ம்பான்.

"பாத்துட்டேன் தம்பி"ம்பேன்.

"பொட்டு சரியா இருக்கான்னு பாக்குற கண்ணாடி இல்லக்கா. சைட் கண்ணாடி!"

இந்த லோரியில முக்கியமான சட்டம் ஒண்ணே ஒண்ணு. சரக்கு எறக்குற எடம் வர்ற வரைக்கும் பின் கதவத் தொறக்கக் கூடாது. உள்ள மைனஸ் பதினெட்டு டிகிரி. கதவத் தொறந்தா தெப்ராவ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கத்தும். கம்ப்யூட்டர் கத்தினா, லோரிங்கள எல்லாம் அங்கேர்ந்து கண்காணிக்கிற மிஸ் யாப் கத்துவாங்க. கம்ப்யூட்டராவது கொஞ்ச நேரத்துல நிறுத்திடும்.

ஹைவேயில நல்லாதான் போய்க்கிட்டிருந்தோம். செடனாக் தாண்டினதும் தினேஷ் கப்சிப். வாய் ஓயாத பையனாச்சேன்னு திரும்பிப் பாத்தேன். ஏர்கோன் ஓடுது, இவன் நெத்தியில முத்து முத்தா வேர்வை!

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. ராத்திரி சாப்பிட்ட சம்பல் நண்டு..."

"அதுக்கு என்ன?"

"வெளிய வரணுங்குது."

டோல் தாண்டி வெளிய வந்ததுமே, "அக்கா, எங்கயாச்சும் திருப்புங்க! எங்கயாச்சும்!"னு அலற ஆரம்பிச்சுட்டான். நானும் கண்ணுல பட்ட முதல் தாமானுக்குள்ள திருப்பிட்டேன். வரிசை வரிசையா வீடு, குறுகலான ரோடு. கொஞ்ச தூரம் போனா ரோட்டையே அடைச்சு ஒரு கூடாரம். வாழைமரம், பலூன் வளைவு, உருமி மேளம். ஒரு வீட்டுல நிச்சயதார்த்தம்!

"விசேஷ வீடுக்கா. யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க. எஞ்சின நிறுத்தாதீங்க, கதவத் தொறக்காதீங்க!" சொல்லிட்டுக் குதிச்சு ஓடினான். வாசல்ல நின்ன ஒரு சின்னப் பொண்ணு அவன் மேல பன்னீர் தெளிச்சுச்சு. அவன் நிக்கக்கூட இல்ல.

நான் காத்துக்கிட்டிருந்தேன். பின்னாடி சத்தம் கேட்டுச்சு. சைட் கண்ணாடியில பாத்தேன் (இந்தத் தடவ சரியான கண்ணாடிதான்). மாப்பிள்ளை வீட்டுக் காருங்க ஒண்ணு ஒண்ணா வந்து, என் லோரி வாலுக்குப் பின்னாடியே நிறுத்திட்டு, தாம்பாளத் தட்டோட எறங்குறாங்க.

முன்னாடி கூடாரம். பின்னாடி கார். நடுவுல நானும் மீனும். அலமாக்!

அப்பதான் ஒரு கை கதவத் தட்டுச்சு. கிளிப்பச்சைப் பட்டுப்புடவை, கை நிறைய வளையல். கல்யாணப் பொண்ணோட அம்மா.

"ஏம்மா, காலையிலேயே வரச் சொன்னா இப்பதான் வர்றியா? போனையும் எடுக்கல! புள்ளைங்க எல்லாம் கேட்டுக் கேட்டு உயிர வாங்குது!"

எனக்கு ஒண்ணும் புரியல. எட்டிப் பாத்தா, லோரிக்குப் பக்கத்துல சின்னப் பிள்ளைங்க கப்பும் கரண்டியுமா வரிசையில நிக்குதுங்க! அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. எங்க லோரியில பெரிசா ஒரு பெங்குயின் படம், கழுத்துல சிவப்புத் துண்டோட. அதப் பாத்தா யாருக்கும் ஐஸ்கிரீம் ஞாபகம்தான் வரும்.

"அக்கா, இது ஐஸ்கிரீம் லோரி இல்ல."

"அப்ப உள்ள என்ன?"

"மீன்."

உருமிகூட ஒரு நிமிஷம் நின்ன மாதிரி இருந்துச்சு.

"மீனா! நல்ல காரியம் நடக்குற வீட்டு வாசல்ல மீனக் கொண்டாந்து நிறுத்தியிருக்கியா?"

"நான் ஒங்க வீட்டுக்கு வரலக்கா."

"வராமதான் வாசல்ல நிக்கிறியா?"

வரிசையில நின்ன முதல் பிள்ளை அழ ஆரம்பிச்சுச்சு. அதப் பாத்து மத்ததும் ஆரம்பிச்சுச்சு.

"பின்னாடி இருக்கிற காரை எடுத்தா நான் போயிடுவேன்"னு கெஞ்சினேன். கார் மாப்பிள்ளையோட தாய்மாமாவுதாம். ஆளு வாட்டசாட்டம், கழுத்துல கயிறு தடிமனுக்குச் சங்கிலி. "போட்டோ முடியட்டும்மா, எடுக்கிறேன்"னுட்டு நாற்காலியில சாஞ்சுட்டாரு.

தினேஷுக்குப் போன் அடிச்சேன். பக்கத்து சீட்டுலயே அடிச்சுச்சு.

அந்த நேரம் பாத்து வந்தான் போட்டோகிராஃபர். கறுப்புச் சட்டை, தொங்குற முகம். போட்டோவுக்குப் பொகை விட அவன் கொண்டாந்த மெஷினே பொகைஞ்சு போச்சாம். என் லோரியச் சுத்திச் சுத்திப் பாத்தான்.

"ஆன்டி, கதவத் தொறந்தா பொகை வருமா?"

ஆன்டியா! அப்பவே முடிவு பண்ணிட்டேன், தொறக்கக் கூடாதுன்னு.

"வரும். ஆனா தொறக்க மாட்டேன்."

பையன் கெட்டிக்காரன். "அக்கா, ரெண்டே செகண்டுக்கா. ஒங்களுக்கும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றேன். ஒங்க முகம் போட்டோவுக்கு அவ்ளோ எடுப்பா இருக்கும்"னான்.

நான் ஒண்ணும் அதுக்கு மயங்கல. தாய்மாமாதான் எழுந்து வந்து, "தொறந்தா ஒடனே காரை எடுக்கிறேன்"னாரு. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணுமேங்கிற கவலையிலதான் தொறந்தேன். (போட்டோ நல்லா வந்திருக்கு. அது வேற விஷயம்.)

தாழ்ப்பாள விட்டதும் வந்துச்சு பாருங்க பொகை! வெள்ள வெளேர்னு அலையலையா எறங்கி, தரையெல்லாம் பரவி, வாழைமரத்த மறைச்சு... தாமானே "ஆ"ன்னுச்சு. அழுதுக்கிட்டிருந்த பிள்ளைங்க பொகைக்குள்ள குதிக்க ஆரம்பிச்சுருச்சுங்க. மத்தியான வெயிலு வேற. ஒரு பெரியம்மா நாற்காலிய இழுத்துக் கதவுக்கு நேரா போட்டு உக்காந்து, "யம்மா, ஊட்டுக்குள்ளகூட இந்தக் குளிர்ச்சி இல்ல"ன்னு முந்தானைய ஒதறி விட்டாங்க.

பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாங்க. மாப்பிள்ளை தலையில கல்லு வச்ச தலப்பா. கல்யாணத்துக்கு இல்ல, நிச்சயத்துக்கே தலப்பா! பொண்ணு மூக்கச் சுருக்குச்சு.

"மீன் நாத்தம் அடிக்குதுண்ணே."

"போட்டோவுல நாத்தம் தெரியாதும்மா. சிரிங்க!"

ரெண்டு செகண்ட் எப்பவோ முடிஞ்சு போச்சு. "மாப்பிள்ளை, நீங்க மட்டும் உள்ள ஏறி, பொகைக்குள்ளேர்ந்து நடந்து வாங்க. ராஜா மாதிரி!"ன்னான் போட்டோகிராஃபர். மாப்பிள்ளையும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறிட்டாரு.

அப்ப பாத்து என் போன். மிஸ் யாப்!

"சாந்தி! கெனப்பா பிந்து புக்கா?" ஏன் கதவு தொறந்திருக்குன்னு மலாய்ல ஒரு கத்து. மைனஸ் பதினெட்டுல இருந்தது மைனஸ் ஒம்பதுக்கு வந்துருச்சாம். மைனஸ் பதினஞ்சுக்கு மேல போனா கடைக்காரர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிடுவாரு. பயிற்சிக் காலத்துல சரக்கு திரும்பி வந்தா, அதே லோரியில நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மிஸ், நான் கஸ்டமர்கிட்டதான் இருக்கேன்."

சரியா அந்த நேரம் உருமிக்காரப் பசங்க பொகையப் பாத்த உற்சாகத்துல டம டமன்னு பொளந்து கட்டுறானுங்க.

"கஸ்டமர் கடையில மேளமா?"

"கடை... புதுசா தொறந்திருக்காங்க மிஸ்."

போன வச்சுட்டு ஓடினேன். நாற்காலிப் பெரியம்மாவ நகத்தினேன், ரெண்டு கதவையும் இழுத்துச் சாத்தினேன், தாழ்ப்பாளப் போட்டேன். அப்பாடா!

திரும்பிப் பாத்தா எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

"மாப்பிள்ளை எங்க?"ன்னு பொண்ணோட அம்மா கேட்டாங்க.

உள்ளேர்ந்து டொக், டொக், டொக்.

உள்ளேர்ந்து தொறக்க ஒரு பச்சைக் குமிழ் இருக்கு. அது எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தாழ்ப்பாள் ஒரு பக்கம் வருது, இன்னொரு பக்கம் வரமாட்டேங்குது. பொண்ணோட அம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டாங்க.

"நிச்சயம் முடியறதுக்குள்ள எம் மாப்பிள்ளைய ஃப்ரீசர்ல வச்சுட்டியேம்மா!"

தாய்மாமா மட்டும் அசரவே இல்ல. "இருக்கட்டும் சம்பந்தி. கல்யாணம் வரைக்கும் கெடாம இருப்பான்"னாரு.

ஒரு வழியா கதவு தொறந்துச்சு. பொகைக்கு நடுவுல மாப்பிள்ளை நின்னாரு. தலப்பாவக் காணோம். முடி கலைஞ்சிருக்கு, மீசை ஓரத்துல வெள்ளையா பனி, பல்லு தந்தியடிக்குது. ரெண்டு கையாலயும் தன்னையே கட்டிப் புடிச்சுக்கிட்டு, "மு... முடிஞ்சிருச்சா?"ன்னு கேட்டாரு.

வந்ததுலேர்ந்து உம்முன்னு இருந்த பொண்ணு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு பாருங்க! சிரிச்சுக்கிட்டே போய்த் தன் புடவைத் தலைப்பால அவரு மீசையத் தொடச்சு விட்டுச்சு. போட்டோகிராஃபர் பட பட பட படன்னு அடிச்சுத் தள்ளிட்டான். எனக்கு மட்டும்தான் அழுகை வந்துச்சு.

அந்த நேரத்துல கூடாரத்துலேர்ந்து வந்தான் தினேஷ். வேர்வை இல்ல, முகத்துல அப்படி ஒரு தெளிவு. நெத்தியில சந்தனம், கையில தாம்பூலப் பை, வாயில வெத்தல.

"விடமாட்டேன்னுட்டாங்கக்கா. வாழ இலையில உக்கார வச்சுட்டாங்க. வடை ரெண்டாவது தடவையும் வந்துச்சு." அப்புறம் கொரல மாத்தி, "கதவு ஒண்ணும் தொறக்கலையே?"

வண்டியில ஏறினேன்.

தாய்மாமா சொன்ன சொல் தவறல, காரை எடுத்துட்டாரு, பின்னாடி நின்ன மத்த காருங்களையும் எடுக்க வச்சுட்டாரு. ஆனா இனி ரிவர்ஸ்ல வெளிய போகணும். மொத்த விசேஷ வீடும் எனக்கு வழி சொல்ல வந்துருச்சு. "கோஸ்தான், கோஸ்தான்! பின்னால வாம்மா!"ன்னு தாய்மாமா. "லெஃப்ட்ல ஒடி!"ன்னு உருமிக்காரன். "என் செடி, என் செடி!"ன்னு பக்கத்து வீட்டுக்காரம்மா. "யாரு சொல்றதையும் கேக்காதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க!"ன்னு தினேஷ். நான் யாரு சொன்னதையும் கேக்கல. தாமான் வாசலுக்கு வந்து எறங்கிப் பாத்தா, பலூன் வளைவுல பாதி எங்க லோரி மூக்குலதான் மாட்டியிருந்துச்சு.

ரோட்டோரமா நிறுத்தி, ஃப்ரீசர் மீட்டர் முள்ளு மைனஸ் பதினெட்டுக்கு எறங்குற வரைக்கும் சாமி கும்பிட்டோம். கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டிங்களுக்கு நடுவுல தெர்மோமீட்டரச் செருகினாரு. மீன் கல்லு மாதிரி இருந்துச்சு! காத்துதான் சூடாயிருக்கு, சரக்குக்கு ஒண்ணும் ஆகல.

"ஓகே லா"ன்னாரு. எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு.

அப்புறம் இறால் பெட்டிக்குப் பின்னாடியிலேர்ந்து ஒண்ண எடுத்துக் காட்டினாரு. கல்லு வச்ச தலப்பா. வெறகுக்கட்டை மாதிரி விறைச்சுக் கெடந்துச்சு.

"இது என்ன ஐட்டம்? பில்லுல இல்லையே?"

தினேஷ் என்னைப் பாத்தான். நான் பெங்குயினப் பாத்தேன்.

"ஃபிரீங்க"ன்னு சொல்லிருக்கலாம். ஆனா அதுக்குள்ள போன் அடிச்சுருச்சு. மிஸ் யாப். இந்தத் தடவ கத்தல. மெதுவாப் பேசினாங்க. அதான் பயமா இருந்துச்சு.

"சாந்தி, ஒரு ஆன்டி ஆபீஸுக்குப் போன் பண்ணினாங்க. லோரியில எழுதியிருந்த நம்பராம். மாப்பிள்ளை தொப்பி நம்ம ஃப்ரீசர்ல இருக்காம். கொஞ்சம் வெளக்கிச் சொல்றியா?"

வெளக்கினேன். டோல் வர்ற வரைக்கும் வெளக்கினேன். நடுவுல அந்த வீட்டுக்குப் போய்த் தலப்பாவக் கொடுத்தோம். பொண்ணோட அம்மா அத வெயில்ல காயப் போட்டுட்டு, எனக்கும் ஒரு இலை போட்டாங்க. வடை தீந்து போச்சாம்.

மறுநாள் பாஸ் கூப்பிட்டாரு. அவரு கைப்போன்ல அந்தப் போட்டோ. பொகை, மாப்பிள்ளை, சிரிக்கிற பொண்ணு, பின்னாடி பளிச்சுன்னு எங்க கம்பெனி நம்பர். போட்டோகிராஃபர் அத எல்லா எடத்துலயும் போட்டுட்டானாம். குளுவாங்லேர்ந்தும் பெக்கோக்லேர்ந்தும் ஆளுங்க போன் பண்ணி, கல்யாணத்துக்குப் பொகை லோரி வாடகை எவ்வளவுன்னு கேக்குறாங்களாம். பாஸ் திட்டுறதா சிரிக்கிறதான்னு தெரியாம ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்ணினாரு. கடைசியில என் பயிற்சிய நீட்டிச்சுட்டாரு. லோரிய விட்டுட்டு வடை தின்னதுக்கு தினேஷையும் பயிற்சிக்குத் திருப்பி அனுப்பிட்டாரு.

இப்ப எங்க ரெண்டு பேரையும் பாத்துக்க மூணாவதா ஒருத்தர் வர்றாரு; நடுவுல உக்காந்துக்கிட்டு, ரோட்ட விட எங்களைத்தான் அதிகமாப் பாக்குறாரு.