ஆம்புலன்ஸை அனுப்பி வச்ச டாக்டர்

அன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆம்புலன்ஸ்ல உட்கார்ந்திருக்கணும்.

ஆந்திரா இன்னும் ரெண்டாப் பிரியாத காலம். ஹைதராபாத்ல அவசர சிகிச்சையில மேல்படிப்பு படிச்சுக்கிட்டிருந்தேன். பேஷண்ட் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பாடு படறார்னு தெரிஞ்சாத்தான் நல்ல டாக்டர் ஆக முடியும்னு எங்க பேராசிரியர் முடிவு பண்ணி, ஒவ்வொருத்தரா ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டார். நல்ல எண்ணம்தான். ஏறின ஆள்தான் சரியில்ல.

வண்டியில மருத்துவ வேலை பார்க்கறவங்க ஸ்வப்னா. வயசுல என்னைவிடச் சின்னவங்க, அனுபவத்துல எனக்கு அத்தை முறை. ஓட்டறவர் யாதகிரி. அவரை டிரைவர்னு சொல்லக்கூடாதாம், ஆம்புலன்ஸ்ல அவர் பேரு பைலட்.

ஏறினதும் ஸ்வப்னா சொன்ன முதல் வார்த்தை, எதையும் தொடாதீங்கன்னுதான்.

நான் தொட்டேன். ஏசி சுவிட்சுன்னு நினைச்சு ஒண்ணை அமுக்கினேன். சைரன் அலறிடுச்சு. பக்கத்துல இட்லி வண்டியில நின்னு சாப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன் தட்டோட ஓடிப்போய் வழி விட்டார். யாதகிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். சைரனை நிறுத்திட்டு மறுபடியும் பார்த்தார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

பதினொரு மணிக்கு அழைப்பு வந்துச்சு. மல்காஜ்கிரியில ஒருத்தருக்கு நெஞ்சுவலி.

போனா, தமிழ்க் குடும்பம். ஜெயராமன்னு ரயில்வேல வேலை பார்க்கறவர், ஐம்பத்தெட்டு வயசு. வேர்த்து விறுவிறுத்துப் போய்க் கட்டில்ல சாய்ஞ்சிருந்தார். காலையில ஆறு மணிக்கே வலி. தெருமுனை கிளினிக்ல இசிஜி எடுத்திருக்காங்க. அதை வாங்கிப் பார்த்தேன். மாரடைப்புன்னு எழுதி ஒட்டாத குறை.

அவர் மனைவி கஸ்தூரி அம்மாவுக்கு நான் தமிழ்ன்னு தெரிஞ்சதும் பாதி உயிர் திரும்பி வந்துச்சு. இசிஜி, மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு என் கையில திணிச்சாங்க.

"தம்பி, இது உங்க கையிலயே இருக்கட்டும். பெரிய டாக்டர்கிட்ட நீங்களே குடுத்துருங்க."

முதல் தடவையா அன்னைக்கு என்னை நம்பி ஒருத்தர் ஒரு பொருளைக் கொடுத்திருக்காங்க. நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன்.

ஸ்வப்னா மாத்திரை கொடுத்து, ஆக்ஸிஜன் வச்சு, ஜெயராமனை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தியாச்சு. கஸ்தூரி அம்மாவும் பின்னாடி ஏறிட்டாங்க. எனக்கு அங்க இடமில்ல. சரி, முன்னாடி யாதகிரி பக்கத்துல உட்கார்ந்துக்கலாம், போறதுக்கு முன்னாடி உருப்படியா ஒரு வேலையாவது செய்வோம்னு பின் கதவை நானே நல்லா அடைச்சேன்.

அதோட விட்டிருக்கலாம்.

மதுரையில கல்லூரிக்கு அஞ்சு வருஷம் டவுன் பஸ் படியில தொங்கிட்டுப் போன கை இது. கதவை அடைச்ச கையோட, வண்டி முதுகுல படபடன்னு ரெண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்"னேன்.

ரெண்டு தட்டு விழுந்தா வண்டியை எடுக்கணும்ங்கறது எந்த மொழி டிரைவருக்கும் தெரியும். பைலட்டுக்கும் தெரியும்.

வண்டி போயிடுச்சு.

நான் பின்னாடி இருக்கேன்னு யாதகிரி நினைச்சார். முன்னாடி இருக்கேன்னு ஸ்வப்னா நினைச்சாங்க. நான் தெருவுல ஃபைலோட ஓடறேன். கத்தினது சைரன்ல காணாம போச்சு. என் போன், வெள்ளைக் கோட்டு, அடையாள அட்டை எல்லாம் முன் சீட்டுல சொகுசாப் போகுது.

கஸ்தூரி அம்மாவோட தம்பி முரளி, வாசல்ல நின்னு இதை முழுசா ரசிச்சுப் பார்த்துட்டு, "அரே, நீங்க போகலையா டாக்டர் சாப்?"னு கேட்டார். அவர் இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம். பேசற தமிழ்ல பாதி இந்த ஊர் இந்தி.

இசிஜி என் கையில இருக்கு, அது செகந்திராபாத் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்னு சொன்னேன்.

"டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேண்டாம். ஸ்கூட்டர்ல உக்காருங்க. ஆம்புலன்ஸுக்கு முன்னாடி கொண்டு போய் விடறேன்."

சொன்ன மாதிரியே செஞ்சார். ரயில்வே கேட்டுல ஆம்புலன்ஸ் மாட்டும்னு அவருக்குத் தெரியும். சந்து சந்தாப் புகுந்து, தண்டவாளத்துக்கு அடியில ஒரு சுரங்கப்பாதைக்குக் கொண்டு போனார். முந்தின நாள் மழைத்தண்ணி முழங்கால் அளவு. ஸ்கூட்டர் நடுவுல நின்னு போச்சு. ஒரு கையால ஃபைலைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஸ்கூட்டரைத் தள்ளினேன். செகந்திராபாத் ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறப்போ எனக்கு மூச்சு வாங்குது, சட்டை தொப்பல், கை நெஞ்சுல, நெஞ்சுல ஃபைல். முரளி ஸ்கூட்டரை நிறுத்தப் போயிட்டார்.

நெஞ்சுவலி கேஸ், ஆண், வந்துக்கிட்டிருக்கார்னு ஸ்வப்னா ஏற்கனவே போன்ல சொல்லியிருந்தாங்க. வாசல்லயே ஸ்ட்ரெச்சரோட ஒரு நர்ஸம்மா காத்திருந்தாங்க.

சொல்லிக் கொடுத்த மாதிரியே பேஷண்ட் விவரத்தை ஒப்பிச்சேன். மூச்சு விட்டு மூச்சு வாங்கி.

"ஜெயராமன்... ஐம்பத்தெட்டு... காலையிலேருந்து... நெஞ்சுவலி."

நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் என் தலையில முடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாங்க. ஐம்பத்தெட்டுங்கறதை ஏத்துக்கிட்டாங்க. அந்த வலி இன்னைக்கும் இருக்கு.

அடுத்த நிமிஷம் நான் ஸ்ட்ரெச்சர்ல. சட்டை கழண்டுச்சு, கையில ஊசி ஏறிச்சு. நான் டாக்டர்னு சொல்ல வாயைத் திறந்தேன், அதுல ஒரு மாத்திரையைப் போட்டு மென்னுங்கன்னாங்க. மென்னுக்கிட்டே சொன்னேன். நர்ஸம்மா விடல.

"டாக்டரா? அப்ப நீங்க பேசவே கூடாது. டாக்டருங்கதான் வியாதியை மறைக்கறது."

டியூட்டி டாக்டர் வந்து ஃபைல்ல இருந்த இசிஜியைப் பார்த்தார். எனக்குப் புதுசா எடுத்ததைப் பார்த்தார். முதல்ல மாரடைப்பு, இப்போ ஒண்ணுமே இல்ல. கவலையாத் தலையை ஆட்டி, வந்து வந்து போற ரகம், இதுதான் ரொம்ப ஆபத்துன்னு சொல்லிட்டு, ஆஞ்சியோ பண்ற டாக்டரை உடனே வரச் சொல்லி போன் பண்ணிட்டார்.

வார்டு ஊழியர் ஒருத்தர் ரேசரோட வந்தார். தொடையிடுக்கு வழியாத்தான் குழாய் விடுவாங்க, அதுக்கு முடி எடுக்கணும். தலையில விட்டதை அங்க பிடிக்கப் பார்க்கறாங்க. பேண்ட் பட்டனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு எனக்குத் தெரிஞ்ச நாலு மொழியிலயும் வேண்டாம்னேன்.

அப்பத்தான் கதவு திறந்து நிஜ ஜெயராமன் உள்ள வந்தார், பின்னாடியே ஸ்வப்னா. வண்டியில என்னைத் தேடித் தேடி ஓய்ஞ்சு போன அந்தப் பொண்ணு, உடம்பெல்லாம் வயரோட படுத்திருந்த என்னையும் பக்கத்துல இருந்த ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

கஸ்தூரி அம்மாதான் பேசினாங்க. "ஐயையோ, டாக்டர் தம்பிக்கும் அட்டாக்கா?"

ஜெயராமன் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "அந்தப் பிள்ளையை முதல்ல பாருங்கம்மா, சின்ன வயசு"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. முதல் காரணம் அவரோட மனசு. ரெண்டாவது, சின்ன வயசுன்னு ஒருத்தராவது சொன்னாரே.

இவர்தான் நிஜ பேஷண்ட்னு ஸ்வப்னா விளக்கினாங்க. எனக்காக ஓடி வந்த ஆஞ்சியோ டாக்டர் தயாரா நின்னதால, ஜெயராமனை ஒரு நொடி வீணாக்காம நேரா உள்ள கொண்டு போயிட்டாங்க. அடைப்பை எடுத்தாச்சு. பிழைச்சுட்டார். அந்த ஃபைல் சரியான ஆளோட போய்ச் சேர்ந்துச்சு. நான்தான் ஊசி போட்ட கையைப் பிடிச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஆப்பிள் வாங்கிட்டு அவரைப் பார்க்கப் போனேன். தெம்பா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அடைப்பு எடுத்த இடத்துல தனக்கு ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காங்கன்னார். என்னைத் தலையிலேருந்து கால் வரைக்கும் அக்கறையாப் பார்த்துட்டு, குரலைத் தணிச்சுக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு எத்தனை வச்சாங்க?"