பதினெட்டு டிகிரி வெல்லம்

ஒரு காட்டில், சிங்கம் ஆளுகிற பக்கம் இல்லை, உழைத்துத் தின்கிற பக்கத்தில், இசக்கி என்கிற முள்ளம்பன்றி வெல்ல ஆலை நடத்திவந்தது. அப்பன் சொத்து என்று ஒரு முள்கூடக் கிடையாது. கிழங்கு விற்று, மிதிபட்டு, பேரம் பேசிப் பேசியே மேலே வந்த பிராணி. கோபம் வந்தால் முள் சிலிர்க்கும். பேரம் என்றாலே கோபம் வரும்.

கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு கண்ட்ரோலர் பெட்டி. பாகு நூற்றுப் பதினெட்டு டிகிரியைத் தொட்டதும் அடுப்புக்குக் காற்று ஊதுவதை அதுவே நிறுத்திவிடும். வேலையில் சுத்தம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே மூச்சு விடாது.

அங்கேதான் வினை வந்தது. யானைக் கூட்டத்துக்கு வருஷ வெல்லம் எடுக்கிற வடிவு என்ற யானை வந்து நின்றது.

"உள்ள என்ன சூடுன்னு நான் கண்ணால பாக்கணும், அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு டிஸ்பிளே மாட்டுங்க. இல்லேன்னா கரடி ஆலையில எடுத்துக்கிடுதேன். அவரு மாட்டிட்டாரு."

யானைகள் போனால் ஆலையை மூட வேண்டியதுதான். மீதிக் காடு முழுக்கச் சேர்ந்து வாங்குகிற வெல்லம் ஒரு யானையின் கடைவாய்க்குக் காணாது.

இசக்கி மரங்கொத்தியைக் கூப்பிட்டது. ஒயர் வேலைக்கு அதை விட்டால் அந்தக் காட்டில் ஆள் இல்லை.

"மூணு இலக்க டிஸ்பிளே போடணும், அண்ணாச்சி."

"எதுக்கு மூணு?"

"நூத்துப் பதினெட்டு. நீங்களே எண்ணிப் பாருங்க."

"பாகு பதத்துக்கு வாரப்போ முதல் எண்ணு என்னைக்காவது மாறுமா வே?"

"மாறாது. எப்பவும் ஒண்ணுதான்."

"மாறாத எண்ணுக்கு நான் எதுக்கு வே துட்டு குடுக்கணும்? அந்த ஒண்ணை என் தலையில வச்சுக்கிடுதேன். மாறுத ரெண்டை மட்டும் மாட்டு."

முள் சிலிர்த்தது. மரங்கொத்தி முதல் எண்ணை அம்போ என்று விட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் ஒயர் இழுத்தது.

வெள்ளிக்கிழமை வடிவு வந்தது. கொப்பரை தளதளவென்று கொதித்தது. டிஸ்பிளே சிவப்பாக எரிந்தது: 18.

வடிவு அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பதினெட்டு டிகிரியிலயா காய்ச்சுதீங்க?"

"இல்ல தாயி. முன்னால ஒரு ஒண்ணு இருக்கு."

"எங்க?"

"என் தலையில."

வடிவு குனிந்து பார்த்தது. "முள்ளுதான் இருக்கு."

துதிக்கையை நீட்டிக் கொப்பரை விளிம்பைத் தொட்டது. சுரீர் என்றது. வெடுக்கென்று இழுத்து ஊதிக்கொண்டது.

"பாத்தீங்களா, சுடுதுல்லா?" என்றது இசக்கி.

"ஐஸைத் தொட்டாலும் இப்படித்தான் சுரீர்ங்கும். அம்புட்டுக் குளிர்ச்சி."

"கொதிக்குதே தாயி, கண்ணுல தெரியலையா?"

"கண்ணு ஏமாத்தும், அண்ணாச்சி. பெட்டிக்கு என்ன, எங்கிட்ட பொய் சொல்லணும்னு தலையெழுத்தா?" வடிவு குரலைத் தாழ்த்தியது. "எங்க கூட்டத்துல இப்ப சூடு படாத பண்டந்தான் திங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்காக. கரடி ஆலையில போய்ப் பாத்தா நூத்துப் பதினெட்டு காட்டுது. கருக்கிப்போட்டுல்லா விக்காரு, பாவி. உங்களுக்கு ஒண்ணரை மடங்கு தாரேன்."

கேட்காமலே விலை ஏறியது இசக்கியின் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அது வாயைத் திறந்தது. உண்மை வருமா, பேரம் வருமா என்று அதற்கே தெரியவில்லை.

"ரெண்டு மடங்கு," என்றது வாய்.

சேதி கரடிக்குப் போயிற்று. மறுவாரமே அது தன் டிஸ்பிளேயில் இரண்டு எண்ணைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 'எட்டு டிகிரி வெல்லம்' என்று வாசலில் பலகை வைத்தது. வடிவின் நடை அந்தப் பக்கம் திரும்பியது. இசக்கி மூச்சிரைக்க மரங்கொத்தியின் பொந்துக்கே ஓடியது.

"இன்னொரு இலக்கம் மாட்டு வே. நீ சொன்ன விலை."

"இப்பவாது புத்தி வந்துதே. அந்த ஒண்ணு தெரியணும், அதானே?"

"ஒண்ணு கெட்ட கேடு. கழித்தல் கோடு போடு."

இப்போது இசக்கி ஆலையில் -18 டிகிரி. யானைகள் கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. கொப்பரை அனலில் அவற்றுக்கு வேர்த்து ஊற்றுகிறது. "என்னா குளிரு," என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

நீதி: உண்மைக்கு மூன்று இலக்கம் வேண்டும், வியாபாரத்துக்கு இரண்டும் ஒரு கோடும் போதும்.