நத்தைகளுக்குப் போன இருபது பாட்டில்கள்

ராகோவ்னிக்,
ஆகஸ்ட் 14

என் அம்மாவின் ஒரே அண்ணனும், பீர் ஆலையின் நிலவறையில் முப்பத்தோரு வருடம் பீப்பாய்களுக்குக் காவல் இருந்தவருமான விலேம் மாமாவுக்கு, ராதிம் பணிவுடன் எழுதுவது.

நானும் ஹெத்விகாவும் நலம். உங்கள் முழங்காலும் அத்தையின் தக்காளிச் செடிகளும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தோட்டத்து நத்தைகளை விசாரிக்கத்தான் இந்தக் கடிதம்.

மே இருபத்தெட்டு. நாட்காட்டியில் உங்கள் பெயர் போட்டிருக்கும் பெயர்நாள். வீட்டில் நானே காய்ச்சிய முதல் பீரைப் பாட்டிலில் அடைத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பொறுத்திருக்கலாம். ஆனால் நாட்காட்டியில் விலேம் என்ற பெயர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. கொண்டுவந்தேன். ஊற்றினேன். நுரை மேசைவிரிப்பில் வழிந்தது. நீங்கள் ஒரு வாய் குடித்தீர்கள். ஜன்னலோரப் பூந்தொட்டியைப் பார்த்தீர்கள். மீதி தொட்டிக்குப் போயிற்று.

"டேய், பச்சை ஆப்பிளை சோப்புத் தண்ணியில ஊற வெச்சியா?"

"பையன் ஆசையா கொண்டுவந்திருக்கான். கொஞ்சம் பதமாச் சொல்லுங்களேன்" என்றாள் அத்தை.

"பதமாச் சொன்னா மறுபடியும் காய்ச்சுவான், பிளஷெனா."

எனக்கு ரோஷம் வந்தது. என் கல்யாண மேசையில் இந்த பீர்தான் இருக்கும் என்றேன்.

"தாராளமா வை. சாட்சிக் கையெழுத்துக்கு வேற ஆளைப் பாத்துக்க."

நான் கிளம்பும்போது என் காரிலிருந்து இருபது பாட்டில் பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டீர்கள். "கீரையைத் திங்கற நத்தைக்கு ஊத்தி வைக்கிறேன். குடிச்சாவது சாகட்டும்." அதன் பிறகு நாம் பேசவில்லை. எனக்கும் ஹெத்விகாவுக்கும் கல்யாணம் ஆகஸ்ட் முப்பது. சாட்சிக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அம்மா போன பிறகு அந்த இடத்தில் எழுத எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும்.

மிஞ்சிய பாட்டில்களை எங்கள் அடுக்குமாடியின் நிலவறைக்குக் கொண்டுபோய், சைக்கிளுக்கும் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே வைத்துவிட்டு மறந்துவிடத்தான் நினைத்தேன், ஆனால் மறக்க முடியாமல் வாரத்துக்கு ஒன்றைத் திறந்து பார்த்தேன், அதற்குள் ஜூன் வெக்கையில் ஒன்று வெடித்தது, பாட்டிலில் அடைக்கும்போது நான் சர்க்கரையை இரண்டு முறை போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது, பீர் தெறித்தது மரச்சட்டத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றாம் மாடி திருமதி கோபெட்ஸ்கா ஊறவைத்திருந்த முட்டைக்கோஸ் ஜாடிக்குள், அவர் படியேறி வந்து கதவைத் தட்டினார், நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "ராதிம், என் வீட்டுக்காரர் இப்ப அந்த முட்டைக்கோஸைத்தான் கேக்கறாரு, இன்னொண்ணு எப்ப வெடிக்கும்?" என்றார், மாமா, என் பீரைப் பற்றி மனிதர் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான், அதுவும் முட்டைக்கோஸுக்கு.

ஆறாவது வாரம் ஆப்பிள் போய்விட்டது. நம்பாமல் ஹெத்விகாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். "சோப்பு இன்னும் இருக்கு. ஆனா நல்ல சோப்பு" என்றாள்.

ஒன்பதாவது வாரம் சோப்பும் இல்லை. நாக்கைச் சுரண்டிய கசப்பு அடங்கிவிட்டது. பன்னிரண்டாவது வாரம், அதாவது நேற்று முன்தினம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவு. அடியில் மெல்லிய வண்டல். நுரை அவசரப்படாமல் நின்றது. ரொட்டி மணம்.

படித்துப் பார்த்தேன். ஈஸ்ட் முதலில் கண்டதையும் தின்று குப்பை போடுகிறதாம். தின்ன வேறொன்றும் இல்லாதபோது, தான் போட்டதைத் தானே கூட்டிப் பெருக்குகிறதாம். நாம் செய்ய வேண்டியது, அதை விட்டுவிடுவது. கல்யாணத்தன்று தட்டை உடைத்து, மணமக்கள் சேர்ந்து பெருக்கட்டும் என்று கையில் துடைப்பத்தைக் கொடுப்பீர்களே, அதை ஈஸ்ட் யாரும் சொல்லாமலே செய்கிறது. என் மேல் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

உங்களிடமும் ஒரு சின்னக் கேள்வி உண்டு. ஆலையில் பீரை மாதக்கணக்கில் குளிரில் காக்கவைத்தவர் நீங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறந்த தொழிலாளிகளை விரட்டியவர் நீங்கள். என் பாட்டிலின் வயதை மட்டும் ஏன் கேட்கவில்லை?

போகட்டும். என்னிடம் மிச்சம் ஐந்து. நத்தைகள் ஏதாவது விட்டுவைத்திருந்தால் அவற்றைத் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். ஒரே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அப்போதும் சோப்பு என்றால் கல்யாண மேசையில் ஆலை பீரையே வைக்கிறேன், வாக்குத் தருகிறேன். எந்த பீராக இருந்தாலும் நீங்கள் வர வேண்டும்.

அத்தைக்கு என் அன்பும், உங்கள் முழங்காலுக்கு வறண்ட வானிலையும், தோட்டத்துக்கு நல்ல விளைச்சலும் வேண்டி,

உங்கள் மருமகன்
ராதிம்

பி.கு. உறையை ஒட்டிவிட்டேன். அதற்குள் அத்தை தொலைபேசியில் அழைத்தாள். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அவள் ஹெத்விகாவிடம் சொன்னது அப்படியே:

"ஏம்மா, அவன் அந்த பீரை இன்னொரு தடவை காய்ச்சுவானா? இவரு ரெண்டே ரெண்டுதான் மிச்சம் வெச்சிருக்காரு. அதையும் எனக்குத் தெரியாம ரப்பர் பூட்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காரு. நத்தையா? நத்தைக்கு உப்புதான். காளான் பொறுக்க வர்ற கூட்டாளிங்ககிட்ட அதைத் தானே காய்ச்சினதா சொல்லியாச்சு, இப்ப அவங்க இன்னும் கேக்கறாங்க. கல்யாணத்துக்கா? கோட்டு ஜூலையிலயே தைச்சு வந்துடுச்சு, தினம் போட்டுப் பாக்கறாரு. இவன்தான் கூப்பிடவே இல்லையாம்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். முப்பதாம் தேதி காலை பத்து மணி, நகர மண்டபம். கோட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ரப்பர் பூட்ஸோடு வாருங்கள். அடியில் வண்டல் இருக்கும், உள்ளே இருக்கும் இரண்டு பாட்டிலையும் ஆட்டாமல்.